பன்னிரண்டு அடி ஆகாது

என் மாமனாருக்கு நான் பார்த்த வேலை கடைசிவரை பிடிபடவே இல்லை. அவர்மேல் குற்றமில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள், "கண்ணுக்குத் தெரியாத ஒண்ணைப் பாக்குறதுக்குப் பெட்டி செய்றோம் மாமா" என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"புடிச்சு என்ன செய்வீக?" என்றார்.

"புடிக்கிறதில்ல மாமா. வந்துச்சா, எந்த வழியா வந்துச்சுன்னு மட்டும் பாப்போம். அது பாட்டுக்குப் போயிரும்."

"போயிருமா?"

"போயிரும்."

பழங்காநத்தத்தில் அவருக்கு ஹார்டுவேர்ஸ் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், பெயின்ட் டப்பா என்று கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சாமான்களோடு வாழ்ந்தவர். தராசில் கிடந்த ஆணிகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "அது பாட்டுக்குப் போகட்டும் மாப்ள. நீங்க எதுக்கு அது பின்னால அலையிறீக? பேசாம கடைக்கு வந்துருங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைத் துரத்திக்கொண்டே இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடிக்குப் பிரியும் சாலையை ஒட்டிய ஒரு நிறுவனத்தின் இயற்பியல் துறையில் எனக்குத் தற்காலிக வேலை. சம்பளம் சில மாதம் வரும், சில மாதம் வரும் என்று சொல்வார்கள். கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு, அதில் யாரையும் உட்காரவிடாமல் என் மாமனார் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

வேலை என்னவென்று இப்போதாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் பூமிக்கு அடியில் வட்டமாகச் சுரங்கம் தோண்டி, எலெக்ட்ரானை ஒரு பக்கமும் அதன் எதிர்த்துகளை மறுபக்கமும் ஓடவிட்டு, நேருக்கு நேர் மோதவைக்கப் பெரிய ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மோதுகிற இடத்தைச் சுற்றி ஒரு டிடெக்டர், வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக. சிதறி வருவதில் முக்கால்வாசி உள் அடுக்குகளிலேயே நின்றுவிடும். ம்யூவான் என்ற ஒரு துகள் மட்டும் கனத்த இரும்பையும் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதைப் பார்ப்பதற்கு எல்லாவற்றுக்கும் வெளியே கடைசியாக ஓர் அடுக்கு வேண்டும். அந்த அடுக்கில்தான் எங்களுக்குப் பங்கு. கல்யாண வீட்டில் மணவறைப் பக்கமே போகாமல், வாசலில் நின்று போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொள்கிற வேலை.

அந்தப் பங்கும் உறுதியில்லை. மூன்று நாட்டுக்காரர்கள் மாதிரிப் பெட்டிகள் செய்துகாட்ட வேண்டும்; எவருடையது ஒழுங்காக ஓடுகிறதோ, மொத்த வேலையும் அவருக்கு. எங்கள் பெட்டி தேறினால் என் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் திட்டம் மூடப்படும், நான் நாற்காலிக்குப் போக வேண்டியதுதான்.

பெட்டி என்பது பன்னிரண்டு அடிக்கு இரண்டு விரல்கடை குறைவான நீளம், மூன்றடி அகலம். உயரம் ஒரு செங்கல் அளவுகூட இருக்காது. உள்ளே பிளாஸ்டிக் குழாய்கள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பியை முனைக்கு முனை இழுத்துக் கட்டியிருப்போம். குழாய்க்குள் வாயுவை நிரப்பி, கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தை ஏற்ற வேண்டும். துகள் வாயுவைக் கடந்துபோனால் கம்பியில் ஒரு சின்னத் துடிப்பு வரும். அந்தத் துடிப்பை எண்ணுவது என் உத்தியோகம்.

சோதித்துப் பார்க்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. ம்யூவான்கள் வானத்திலிருந்து எந்நேரமும் பெய்துகொண்டேதான் இருக்கின்றன. மதுரைக்கு மழைதான் பஞ்சம், இதற்குப் பஞ்சமில்லை. மூன்று பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒரு கட்டடத்தில் மாடிக்கு ஒரு வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் மேலே நுழைந்ததை மேல்மாடிக்காரன் பார்த்துவிட்டான், கீழே இறங்கிப் போனதைக் கீழ்மாடிக்காரன் பார்த்துவிட்டான். அப்படியென்றால் நடுமாடியைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். நடுமாடிக்காரன் பார்த்தானா, தூங்கினானா? நூறு பேர் போனால் தொண்ணூற்றைந்து பேரையாவது அவன் பார்த்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் நிபந்தனை.

எங்கள் நடுமாடிக்காரன் எழுபது பேரைப் பார்ப்பதற்கே திணறினான். வோல்டேஜைக் கூட்டினால் தேறும் என்று கூட்டுவோம். உள்ளே கடுகு தாளிக்கிற மாதிரி பொறி பறக்கும், உடனே அணைக்க வேண்டியதாகிவிடும். துறை வராந்தாவில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். வெயில், புழுதி, இடைவேளையில் பெட்டிமேல் டிபன் பாக்ஸ் வைக்கிற மாணவர்கள். எல்லாப் பழியையும் வராந்தாவின்மேல் போட்டார் எங்கள் பேராசிரியர். ஏ.சி. வைத்த தனி ஷெட் ஒன்று இருந்தால் பெட்டி தங்கமாக ஓடும் என்று எழுதி, ஒருவழியாக அனுமதியும் வாங்கிவிட்டார்.

பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தல்லாகுளத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார். கடவுள், சகுனம், ஜாதகம் எதுவும் அவரிடம் செல்லாது. பூனை குறுக்கே போனால் ஸ்கூட்டரை நிறுத்தி, அது திரும்பவும் ஒருமுறை குறுக்கே போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். தனியாக ஒருவரிடம் பேசினாலும் மைக் முன்னால் நின்று பேசுவது போலவே பேசுவார்.

ஷெட் கட்டக் கொத்தனார் வேண்டும் என்றபோது, மாமனாரின் கடைக்கு வாடிக்கையாக வருகிறவரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். என் மாமனார் வீட்டைக் கட்டியவரே அவர்தான். என் மனைவி சின்னப் பிள்ளையாக மணல் குவியலில் விளையாடியதைப் பார்த்தவர். இன்னமும் அவளைப் பாப்பா என்றுதான் சொல்வார். அந்தச் சலுகையில் என்னை மாப்ள என்பார். கை சுத்தம், வேலை சுத்தம், வாய் மட்டும் அதிகம் திறக்காது.

முதல் நாளே முட்டிக்கொண்டது. கொத்தனார் ஒரு தேங்காய், ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் மஞ்சளோடு வந்து நின்றார். பேராசிரியர் பையைப் பார்த்தார்.

"கொத்தனாரே, இது அறிவியல் கூடம். இந்த மனையில் ஒரு எலுமிச்சம்பழம்கூட உருளக் கூடாது."

"சின்னதா ஒரு பூசை சார். அரை நாழில முடிஞ்சிரும்."

"கூடாது என்றால் கூடாது. அதுமட்டுமல்ல, செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு அஸ்திவாரம் தோண்டுகிறோம்."

அது சுத்தமான ராகுகாலம். மாதமோ ஆடி. கொத்தனார் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குப் பேராசிரியரே மண்வெட்டியை வாங்கி முதல் வெட்டு வெட்ட, அது கல்லில் பட்டுத் தெறித்துச் செருப்பைக் கிழித்தது. கிழிந்த செருப்போடேயே, "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்று எல்லோருக்கும் காட்டினார்.

அளவைச் சொன்னவரும் அவர்தான். உள்கூடு பன்னிரண்டுக்கு ஒன்பது. பெட்டிகளைத் தாங்கத் தனியாக இரும்புச் சட்டம் செய்ய வசதியில்லாததால், அறையையே சட்டமாக ஆக்கிவிட்டார். எதிரெதிர்ச் சுவர்களில் பரண் மாதிரி விளிம்பு கட்டி, அதில் சுவருக்குச் சுவர் பெட்டிகளைப் பொருத்துவது திட்டம். அறையே டிடெக்டர், டிடெக்டரே அறை என்று அதற்கு ஒரு தத்துவமும் சொன்னார். கொத்தனார் எல்லாவற்றையும் கேட்டு, "சரிங்க சார்" என்றார். அதற்குப் பிறகு சுவர் எழும்பியது, கூரை ஏறியது, பூச்சும் ஆனது. வராந்தாவில் நாங்கள் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். தினமும் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். சுவர் நேராக இருக்கிறதா என்று கண் சொல்லும், எத்தனை அடி என்று சொல்லாதல்லவா?

பெட்டிகளை ஷெட்டுக்கு மாற்றிய நாள் மறக்காது. புழுதி படக்கூடாதென்று வெள்ளை வேட்டியால் சுற்றி, ஆளுக்கொரு மூலையாகத் தோளில் தூக்கிக்கொண்டு மெல்ல நடந்தோம். குலுங்கினால் கம்பி அறுந்துவிடும் என்பதால் யாரும் பேசவில்லை. முன்னால் பேராசிரியர் தலையைக் குனிந்தபடி நடந்தார், வழியில் கல் கிடக்கிறதா என்று பார்க்க. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். நாங்கள் கடந்தபோது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எப்பண்ணே தவறினாக?"

பேராசிரியர்தான் திரும்பிப் பார்த்து, "இன்னும் இதற்கு உயிரே கொடுக்கவில்லை ஐயா" என்றார். அந்த மனிதர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன வேகத்தில் நாங்கள் நடந்திருந்தால் பெட்டி தூள்தூளாகியிருக்கும்.

ஷெட்டில் பெட்டி நுழைந்தது, திரும்பவில்லை. ஒரு முனையை விளிம்பில் வைத்தால் மறுமுனை எதிர்ச்சுவரில் முட்டியது. தூக்கிச் சாய்த்துப் பார்த்தோம், மூலைக்கு மூலை போட்டுப் பார்த்தோம். பேராசிரியர் கம்பி விரிந்திருக்கலாம் என்றார், பிளாஸ்டிக் வெயிலில் நீளும் என்றார், எவ்வளவு நீளும் என்று அங்கேயே சுவரில் கணக்குப் போட்டார். கடைசியில் அட்டெண்டர்தான் டேப்பை எடுத்து அறையை அளந்தார். நீளம் சுத்தமாகப் பதினோரு அடி. சந்தேகத்துக்கு அகலத்தையும் அளந்தார். ஒன்பதுக்குப் பதில் பத்து.

கொத்தனாரை வரவழைத்தோம். துறையே கூடி நின்றது.

"நான் எத்தனை அடி சொன்னேன்?" என்றார் பேராசிரியர்.

"பன்னெண்டு சார்."

"நீர் கட்டியிருப்பது?"

"பதினொண்ணு சார்."

"ஏன்?"

"பன்னெண்டு ஆகாது சார்."

"யாருக்கு ஆகாது?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே பேராசிரியருக்குப் புரிந்துவிட்டது. பூமிபூஜை போடாத மனை, ராகுகாலத்தில் தோண்டிய அஸ்திவாரம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட கொத்தனார், மனையடி சாஸ்திரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. உள்கூடு இத்தனை அடி இருந்தால் இன்ன பலன் என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கும். தமிழ்நாட்டில் பாதி வீடுகள் அதன்படிதான் நிற்கின்றன. பேராசிரியரின் குரல் சமணர் மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

"அது குடியிருக்கிற வீட்டுக்கு ஐயா! இங்கே யார் குடியிருக்கப் போகிறார்கள்? எலெக்ட்ரானா?"

"மாப்ள இருக்காகல்ல சார்" என்றார் கொத்தனார். "காலைல உள்ள போனா பொழுதனைக்கும் இதுக்குள்ளதான இருக்கப்போறாக. பன்னெண்டுல பொழங்குனா வம்சம் விளங்காது. கல்யாணமாகி மூணு வருசம் ஓடிருச்சு. பாப்பா மொகத்தப் பாத்துட்டு நான் எப்படி சார் பன்னெண்டு வைப்பேன்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டோர் கீப்பர், அட்டெண்டர், எம்.எஸ்ஸி. மாணவர்கள், ஏ.சி. மாட்ட வந்த ஆள் என்று ஒருவர் பாக்கியில்லை. எனக்குக் காது மடல் எரிந்தது. அந்த நிமிஷம் கொத்தனாரின் கழுத்தை நெரித்திருப்பேன். அதற்குள் பேராசிரியர் என்னிடம் வந்து, ஏதோ துக்கம் விசாரிக்கிற குரலில், "தம்பி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இது உயிரியல்" என்றார். அது இன்னும் மோசம்.

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். உங்க வீட்டுக் கொத்தனார் என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டான், ஐரோப்பாக்காரன் வரும்போது காட்ட என்ன இருக்கிறது, உங்க அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும், நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொல் என்று என்னென்னவோ சொன்னேன். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"பதினொண்ணு வச்சா?" என்றாள்.

"என்ன பதினொண்ணு வச்சா?"

"பதினொண்ணு வச்சா என்ன பலனாம்?"

"நான் கேக்கல."

"கேட்டுருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெங்காயத்தால் வந்த கண்ணீர் என்று நான் வைத்துக்கொண்டேன். மறுநாள் ஷெட்டில் கொத்தனாரிடம் வேறு ஏதோ பேசுகிற சாக்கில் கேட்டேன். பதினொன்றுக்கு மக்கட்பேறு.

சுவரை இடித்துத் தள்ளிக் கட்ட நேரமில்லை. ஐரோப்பாவிலிருந்து பார்வையிட வருகிறவர் பம்பாய் வரைக்கும் வந்தாகிவிட்டது, பத்து நாளில் இங்கே இருப்பார். திரும்ப வராந்தாவுக்குப் போனால் எழுபதுதான். மிச்சமிருந்தது ஒரே வழி. பெட்டிகளை ஒரு அடி அறுத்துவிட்டு, கம்பிகளை அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டுவது. மாதக்கணக்கில் செய்ததை ரம்பத்தால் அறுக்கிற காட்சியைப் பார்க்கப் பேராசிரியருக்கு மனம் இல்லை. வெளியே போய் மலையைப் பார்த்து நின்றுகொண்டார். "அறிவியல் இன்று சாஸ்திரத்தின் முன் ஒரு அடி பின்வாங்குகிறது" என்று அவர் சொல்வது, பிளாஸ்டிக்கை அறுக்கிற சத்தத்துக்கு நடுவே எனக்குக் கேட்டது. நான் அறுத்தேன். அறுக்க அறுக்கக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

ஒருவழியாகப் பெட்டிகள் விளிம்பில் உட்கார்ந்தன. சும்மா சொல்லக்கூடாது, கொத்தனாரின் சுவர் இம்மி பிசகவில்லை. வாயுவை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போட்டு, வோல்டேஜை மெல்ல ஏற்றினேன். வழக்கமாகப் பொறி பறக்கிற இடம் வந்ததும் கை தானாக ஸ்விட்ச்சுக்குப் போனது. ஒன்றும் பறக்கவில்லை. இன்னும் ஏற்றினேன். பெட்டி கம்மென்று கிடந்தது. எண்ணிக்கையைப் பார்த்தேன். எண்பத்தைந்தைத் தாண்டி, தொண்ணூறு வந்து, தொண்ணூற்றாறில் போய் நின்றது. பயந்து போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். மறுபடியும் தொண்ணூற்றாறு.

"ஏ.சி.தான் காரணம்" என்றார் பேராசிரியர். ஏ.சி.யை அணைத்துப் பார்த்தோம், தொண்ணூற்றைந்தரை. "சுத்தமான காற்று" என்றார். கதவைத் திறந்துவிட்டு அட்டெண்டரைத் துடைப்பத்தால் புழுதி கிளப்பச் சொன்னோம். தொண்ணூற்றைந்து. பேராசிரியரின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பெட்டி ஓடாவிட்டால்கூட அந்த மனிதர் அவ்வளவு வேதனைப்பட்டிருக்க மாட்டார்.

இரண்டு நாள் கரும்பலகையோடு போராடி விடையைக் கண்டுபிடித்தார். கம்பியின் நீளம் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், வோல்டேஜ் ஏறும்போது அது குழாயின் நடுவில் நிற்காது. மின்விசை ஒரு பக்கமாக இழுக்கும். சாயச் சாய இன்னும் இழுக்கும். குழாயின் சுவருக்குப் பக்கத்தில் போனதும் பொறி. அந்த எல்லை எங்கள் கம்பிக்கு எத்தனை அடி என்று கணக்குப் போட்டார். பதினொன்றுக்கு மேல், பன்னிரண்டுக்குக் கீழ். அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதே இடத்தில் வந்து நின்றது. சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி, இது எதேச்சை" என்றார்.

"ஆமா சார்."

"முழுக்க முழுக்க எதேச்சை."

"ஆமா சார்."

"அந்தக் கொத்தனாரிடம் மட்டும் சொல்லிவிடாதே."

ஐரோப்பாக்காரர் வந்தார். நல்ல உயரம், ஷெட் வாசலில் குனிந்து நுழைந்து, உள்ளேயும் பாதி குனிந்தபடியே நின்றார். நாள் முழுக்க வோல்டேஜை ஏற்றினார், இறக்கினார், வாயுவை மாற்றினார், எண்ணினார். மற்ற இரண்டு நாட்டுப் பெட்டிகளும் பன்னிரண்டு அடியில்தான் இருந்தன. இரண்டும் பொறி பறந்து பாதியில் நின்றுவிட்டதாம். கம்பிக்கு நடுவில் ஒரு தாங்கு வைக்கலாமா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தாங்கு இருக்கிற இடத்தில் பெட்டிக்குக் கண் தெரியாது. நீளத்தைக் குறைத்தால் போதும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது, இந்தப் பதினோரு அடியை முடிவு செய்தவர் யார் என்று கேட்டார்.

பேராசிரியர் பொய் சொல்லாதவர். கணக்கு அறுத்ததற்குப் பிறகு போட்டது. முதலில் போட்டதாகச் சொல்ல அவருக்கு நாக்கு வராது. உண்மையைச் சொல்லவோ உயிரே போனாலும் மாட்டார். நெற்றியில் வேர்வை வடிய ஏ.சி. அறையில் நின்றார். என் நிரந்தர வேலை அந்த வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவர் உதட்டையே பார்த்தேன்.

"இங்கே கட்டட வேலையில் ஒரு மரபு உண்டு" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "பன்னிரண்டு அடியை நாங்கள் தவிர்க்கிறோம்."

"ஏன், பன்னிரண்டில் என்ன நடக்கும்?"

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். "நீண்ட காலத்துக்கு நல்லதல்ல."

"பல நூற்றாண்டு அனுபவமா?"

"ஆமாம்" என்றார். அது உண்மைதானே.

ஐரோப்பாக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்து, பெரிய மரியாதையோடு தலையாட்டினார். அவர் திரும்பிப் போன சில வாரங்களில் முடிவு வந்தது. வேலை எங்களுக்கு. அதுமட்டுமில்லை, வெளி அடுக்கின் எல்லாப் பெட்டிகளுக்கும் இனி பதினோரு அடிதான் அளவு. பனி பெய்கிற ஊர்களில் எல்லாம் மனிதர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு பெட்டியை ஒரு அடி குறைத்துக்கொண்டிருந்தார்கள். பூமிக்கு அடியில், வம்சம் விளங்குகிற அளவில் ஒரு டிடெக்டர் உருவாகிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே என் வேலையும் நிரந்தரமானது. மாமனாரிடம் சொன்னேன். நாற்காலியை ஒருமுறை பார்த்தார். "சரி மாப்ள, கவர்மென்ட்டுச் சம்பளம்னா சரிதான். ஆனா அது பாட்டுக்குத்தான போகுது?" என்றார். ஆமாம் என்றேன்.

ஷெட்டில் ஒரு சின்ன விழா வைத்தார் பேராசிரியர். கேசரி, மிக்சர், டீ. கொத்தனாரையும் அழைக்கச் சொன்னார், ஒரு காரணத்தோடுதான். எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று, பதினோரு அடி வெற்றி பெற்றதற்கும் மனையடி சாஸ்திரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினார். கம்பி ஏன் சாய்கிறது என்பதை வேட்டி நுனியை இழுத்துப் பிடித்துக் காட்டினார். முக்கியமான இடங்களில் எல்லாம் கொத்தனாரைப் பார்த்து, "புரிகிறதா?" என்று நிறுத்தினார். கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு முறையும், "சரிங்க சார்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். அவரும் தட்டினார்.

டீ குடிக்கிற நேரத்தில் அவர் என் சட்டைக் கையைத் தொட்டு வெளியே கூப்பிட்டார். மரத்தடிக்குப் போனோம்.

"சார் என்னென்னமோ சொன்னாக. பெட்டி நல்லா ஓடுதுங்கிறாக. ஓடட்டும் மாப்ள, சந்தோசம்." குரலைத் தாழ்த்தினார். "நான் என்ன பெட்டிக்கா அளந்தேன்? வீட்ல பாப்பாவுக்கு... விசேசம் ஏதும்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. உள்ளே சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. அன்று அங்கே எல்லோரும் ஜெயித்திருந்தோம், ஐரோப்பாவும் சேர்த்து. கொத்தனார் ஒருவர்தான் தோற்றுப்போனவராக நின்றார். அன்று கழுத்தை நெரிக்க நினைத்த அதே மனிதரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை.

அவர் ஷெட்டைக் கண்ணாலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுவர், மூலை, கூரை. கடைசியாகக் கதவில் வந்து நின்றார்.

"அளவுல கோளாறு இல்ல மாப்ள. அது சுத்தம். நிலைதான் எடக்குப் பண்ணுது. சார் சொன்னாகன்னு இந்தப் பக்கம் வச்சுப்புட்டேன். ஒரு சாண் கெழக்க தள்ளி வச்சுட்டா சரியாப் போகும். ஒரு நாள் வேலை."

கதவு நிலை ஒரு சாண் தள்ளிப்போவதற்கும் என் வீட்டில் தொட்டில் ஆடுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதைக் கரும்பலகையில் நிரூபித்துக்காட்டச் சொன்னால் நான் காட்டுவேன். படித்த படிப்பும் அதற்குத்தான், அந்த வாரம் நிரந்தரமான உத்தியோகமும் அதற்குத்தான். பேராசிரியர் எங்கே நிற்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கெழம வாங்கண்ணே" என்றேன். "சார் வரமாட்டாக."